விட்டில்ஹாமில் குடியேறத் தகுதியுள்ள வேகன்கள்

“‘இந்த வேகனுக்கு 1936-ல இருக்க உரிமை இல்லீங்க மேடம். இருந்தா அது அத்துமீறிக் குடியிருக்குன்னு அர்த்தம்.’ இப்படித்தானே சொன்னாரு உங்க சேர்மன்? ஒரு வார்த்தை நான் கூட்டல, குறைக்கல. நாலு மாசமா என் சாப்பாட்டு மேஜையில ஒரு சர்க்கரை ஆலை குடியிருக்கே, அதுக்கு யாரு உரிமை குடுத்தா?”

ஜெயகுமாரி கேட்டது தன் கணவர் ஜீவரத்தினத்திடம். அவர் குனிந்து வேலையாக இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் அவளுடைய புருவம் திருத்தும் இடுக்கி, இடுக்கியின் முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பொம்மை ரயில் வேகன் சக்கரம்.

“சனிக்கிழமை அந்தப் பையன் சாப்பிட வரான். எங்க உக்கார வைக்கிறது? தண்டவாளத்துலயா?”

“வெள்ளிக்கிழமை லைப்ரரி எக்ஸிபிஷனுக்கு ஷிஃப்ட் பண்ணிடுவோம் குமாரி. கமிட்டி க்ளியர் பண்ணினா.”

“பண்ணலைன்னா?”

“அடுத்த எக்ஸிபிஷன் அக்டோபர்ல.”

ஜெயகுமாரி ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். ஒன்றும் சொல்லாமல் போவது அவளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது.

விஷயம் இதுதான். மகள் ஷைனாவுக்கு இருபத்தெட்டு வயது. பிலடெல்ஃபியாவில் வேலை. அங்கே ஆட்ரியன் என்று ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வருகிறேன் என்று பிப்ரவரியிலேயே சொன்னாள். அந்தச் சாப்பாடு இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டது. இரண்டாம் தடவை ஷைனா ஃபோனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “மாம், இட்ஸ் ஜஸ்ட் டின்னர். ஒன் மோர் டைம் கேன்சல் பண்ணா, ஐ வோன்ட் ஆஸ்க் அகெய்ன்.” சொன்னதைச் செய்கிற பெண். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று ஜீவரத்தினம் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

நியூ ஜெர்ஸியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த ஊரின் பெயரிலேயே ஜங்ஷன் இருக்கிறது. ரயில் நிற்பதுதான் இல்லை. அந்தக் குறையை நீக்கும் பொருட்டு பொம்மை அளவில் ரயில் அமைத்து ஓட்டும் ‘மாதிரி ரயில் மன்றம்’ என்று ஒன்றைத் தமிழ் ஆண்கள் நிறுவினார்கள். அமெரிக்க ரயில் வைக்கலாமா என்று யோசித்து, அதை எல்லாரும் வைக்கிறார்கள் என்று விட்டார்கள். இந்திய ரயில் வைக்கலாமா என்று யோசித்து, ஆதாரம் கிடைக்காது என்று விட்டார்கள். பிரிட்டிஷ்காரன்தான் ஒவ்வொரு வேகனுக்கும் பிறந்த தேதி எழுதி வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்து, இங்கிலாந்தில் 1936-ஆம் ஆண்டு ஒரு சர்க்கரை ஆலை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மன்றத்தில் யாரும் இங்கிலாந்தில் இருந்ததில்லை. ஜீவரத்தினம் மட்டும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஆலை இருக்கும் ஊருக்கு விட்டில்ஹாம் என்று பெயர். அப்படி ஓர் ஊர் கிடையாது. சேர்மன் ராமசுப்ரமணியன், விமானத்தில் தூக்கம் வராதபோது உண்டாக்கியது. இல்லாத ஊரில், யாரும் கட்டாத ஆலைக்குள், எந்த வேகன் நுழையலாம், எது நுழையக் கூடாது என்று முடிவு செய்யத்தான் காலப் பொருத்தக் குழு: சேர்மன், ஜீவரத்தினம், செழியன் என்று மூன்று பேர்.

இருபத்திரண்டு வேகன்கள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தன. மூன்றுக்கு அனுமதி கிடைத்தது. பத்தொன்பது பரிசீலனையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் படிவம் 36. பிறந்த தேதி, பிறந்த தொழிற்சாலை, இதற்கு முன் ஓடிய தடங்கள், இடையில் பெயர் மாற்றம் உண்டா, இரண்டு பக்கமும் தெரியும்படி எடுத்த புகைப்படம், தொடர்பில்லாத மூன்று நிபுணர்களின் கடிதம். ஏதாவது குறைந்தால் கூடுதல் ஆதாரம் கோரும் கடிதம் வரும். எண்பத்தேழு நாளில் பதில் அனுப்ப வேண்டும்.

ஜெயகுமாரி இந்தப் படிவத்தை முதலில் பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. பிறகு புரிந்தது. க்ரீன் கார்டுக்காகத் தன்னிடமும் கணவரிடமும் பதினோரு வருஷம் எதையெல்லாம் கேட்டார்களோ, அதையெல்லாம் இவர்கள் இப்போது வேகனிடம் கேட்கிறார்கள். சேர்மன் ஒன்பது வருஷம் காத்திருந்தவர். ஆதாரப் பிரிவைக் கவனிக்கும் செழியனுக்குப் பதின்மூன்று வருஷமாகியும் இன்னும் வரவில்லை. மூவரில் அவன்தான் ரொம்பக் கண்டிப்பு.

புதன்கிழமை மாலை குழு கூடியது. மேஜையைச் சுற்றி மடக்கு நாற்காலிகள். ஜெயகுமாரி டீயை ஆலையின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். வேறு இடமில்லை.

“வேகன் எண் ஒன்பது,” என்றார் ராமசுப்ரமணியன். வேலை ஒரு பெரிய கம்பெனியில் தணிக்கை. வீட்டிலும் அதே குரல்தான். “திறந்த வேகன். கம்பெனி பேரு சின்ன எழுத்துல இருக்கு. எழுத்தைச் சின்னதாக்கினது பிந்திதான். நம்ம வருஷத்துல பெரிய எழுத்து இருக்கணும்.”

ஜெயகுமாரி எட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் எல்.எம்.எஸ். என்றிருந்தது. அது ஒரு ரயில் கம்பெனி. ஆனால் நாகர்கோவில்காரிக்கு எல்.எம்.எஸ். என்றால் மிஷன் சபை. அவள் ஞானஸ்நானம் வாங்கிய இடம்.

“நம்ம ஆளுதானே சார், விட்டுடுங்களேன்.”

“அப்படியெல்லாம் விட முடியாது மேடம். நாளைக்கு எல்லா வேகனும் சின்ன எழுத்தோட வந்து நிக்கும்.”

“எங்க நிக்கும்?”

“வாசல்ல.”

அவள் வாசலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரரின் நாய் மட்டும் நின்றது.

“தம்பி செழியன், ஒண்ணு கேக்கறேன். லைப்ரரிக்கு வரப்போறது எல்லாம் அஞ்சு வயசுப் பிள்ளைங்க. அதுங்களுக்கு எழுத்தே தெரியாது. பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன?”

“அக்கா, எனக்கு யாராவது விட்டுக்குடுத்தாங்களா?” என்றான் செழியன். “டிகிரி சர்ட்டிஃபிகேட்ல எங்கப்பா பேருல ஒரு புள்ளி இல்லன்னு எட்டு மாசம் நிறுத்தி வச்சாங்க. புள்ளிக்கே எட்டு மாசம். இது முழு எழுத்து.”

சேர்மன் இந்த நியாயத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“நாங்க தடுக்கல மேடம்,” என்றார் சேர்மன் மென்மையாக. “விசாரிக்கிறோம். அவ்வளவுதான்.”

“விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த ஆலையே மூடிடும் சார்.”

அடுத்து வேகன்களில் ஏற்றும் சரக்கு. அங்கே சர்க்கரை எடுப்பது கரும்பிலிருந்து அல்ல, வெள்ளை பீட் கிழங்கிலிருந்து. கிழங்கை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் எந்த அளவு வரும் என்று செழியன் லேப்டாப்பில் கணக்குப் போட்டான். விடை கசகசா அளவுக்கு வந்தது. ஜீவரத்தினம் எழுந்து அடுப்படிக்குப் போய், சனிக்கிழமை குருமாவுக்கு வாங்கி வைத்திருந்த கசகசா டப்பாவுடன் திரும்பினார்.

“அது ஆட்ரியனுக்கு!” என்றாள் ஜெயகுமாரி.

“கொஞ்சம்தான் குமாரி. ஆறு வேகன் ரொம்பட்டும்.”

ரொம்பியது. எல்லாரும் குனிந்து பார்த்து மகிழ்ந்தார்கள். செழியன் மட்டும் மகிழவில்லை. “சார், பீட் அறுவடை அக்டோபர்லேர்ந்து ஜனவரி வரைக்கும்தான்.”

“சரி?”

“மரத்துல எல்லாம் பச்சை இலை இருக்கு. அப்ப இது ஜூன் மாசம். ஜூன்ல பீட் வேகன் எப்படி ஓடும்?”

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்று, வேகன்களை எடுக்க வேண்டும். அல்லது இலைகளை எடுக்க வேண்டும். வேகன்களை எடுத்தால் கண்காட்சியில் ஓடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே நூற்று நாற்பது மரங்களின் இலைகளையும் பிடுங்கும் பொறுப்பு ஜீவரத்தினத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இடுக்கியை எடுத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?” என்று கேட்டாள் ஜெயகுமாரி.

“இலை முடிஞ்சிடும் மேடம்,” என்றார் சேர்மன். “வேகனுக்குத்தான் ஆதாரம் வேணும். 1936-ல அந்த ஊர்ல இந்த வேகனை நேர்ல பாத்தவங்க யாராவது எழுதிக் குடுத்தா, ஒரே கடிதத்துல பத்தொன்பதையும் க்ளியர் பண்ணிடலாம்.”

அந்த ஊர் இல்லவே இல்லையே என்று யாராவது சொல்வார்கள் என்று ஜெயகுமாரி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று பேரும் வருத்தத்துடன் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஜீவரத்தினம் வேலைக்குப் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம், நாலு கோடு நோட்டில், விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கிக் கற்ற சாய்வெழுத்து இத்தனை நாளும் பால் கணக்குக்கும் பர்த்டே கார்டுக்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது. ஒரு தாளை டீத் தண்ணீரில் நனைத்து, ஓவனில் இரண்டு நிமிஷம் காயவைத்தாள். பேனாவை எடுத்தாள்.

கடிதம் எழுதியவர் மிஸ் எடித் பாட்டர்லி. வயது தொண்ணூற்றெட்டு. விட்டில்ஹாம் ஸ்டேஷன் மாஸ்டரின் ஒரே மகள். ஒன்பது வயதில் தினமும் ஸ்டேஷன் வேலியில் ஏறி உட்கார்ந்து வேகன்களை எண்ணுவது வழக்கம். பெரிய எழுத்தும் வந்தது, சின்ன எழுத்தும் வந்தது. சின்ன எழுத்தைப் பார்த்து அப்பா முகம் சுளித்ததுகூட நினைவிருக்கிறது. கீழே பத்தொன்பது எண்களும் வரிசையாக. கடைசியில் கையெழுத்து, முதுமையின் நடுக்கத்தோடு. நடுக்கம் வரவேண்டும் என்பதற்காக இடது கையால் போட்டாள்.

முத்திரைதான் இல்லை. அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். அச்சுமுறுக்கு அச்சு ஆணியில் தொங்கியது. அதை மையில் தொட்டு ஒரு குத்து. எட்டு இதழ்ப் பூ, நடுவில் வட்டம். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. அது பழமைக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

“எங்க கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தங்க இப்ப லண்டன்ல இருக்காங்க. அவங்க மூலமா கிடைச்சது,” என்று அன்று மாலை குழுவிடம் நீட்டினாள்.

படித்து முடித்தபோது ராமசுப்ரமணியன் எழுந்து நின்றிருந்தார். “நேரடி சாட்சி,” என்றார். “ஸ்டேஷன் மாஸ்டரோட பொண்ணு!”

செழியன் தாளை வெளிச்சத்தில் பிடித்தான். ஜெயகுமாரி டீக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். அவன் நேராக முத்திரைக்குப் போனான். மோந்து பார்த்தான். “இந்த மாதிரி சீலெல்லாம் இப்ப பாக்கவே முடியாது சார்,” என்றான் பக்தியோடு. “அந்தக் காலத்து ஆபீஸ் ஆபீஸ்தான்.”

ஜீவரத்தினம் மட்டும் ஒரு வினாடி அந்த எட்டு இதழைப் பார்த்தார். முப்பது கிறிஸ்துமஸுக்கு அதே பூவைத் தின்றவர். மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து, மீதி இலைகளைப் பிடுங்கப் போய்விட்டார்.

பத்தொன்பது வேகன்களுக்கும் அன்றே அனுமதி வழங்கப்பட்டது. மிஸ் பாட்டர்லிக்கு மன்றத்தின் கௌரவ ஆயுள் உறுப்பினர் பதவியும் அளிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலை, புகைபோக்கி, மொட்டை மரங்கள் எல்லாம் செழியனின் வேனில் ஏறி லைப்ரரிக்குப் போயின. நாலு மாசத்துக்குப் பிறகு ஜெயகுமாரி தன் மேஜையைப் பார்த்தாள். துடைத்தாள். இடுக்குகளில் கசகசா. ஊசியால் நோண்டி எடுத்தாள். காகிதத்துக்கும் முத்திரைக்கும் மயங்கி நிற்கிற இந்த ஆண்களை நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

ஐந்து மணிக்கு ஷைனா வந்தாள். “வாவ், டேபிள்!” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “ஸோ டுமாரோ இஸ் ஆன்?”

“உக்காரு மக்களே,” என்று சொல்லி ஜெயகுமாரி உள்ளே போய் ஒரு நீல ஃபைலுடன் வந்தாள். மேஜை காலியாக இருந்ததால் எல்லாவற்றையும் பரப்பி வைக்க வசதியாக இருந்தது. மூன்று வாரமாக அவள் கேட்டுக் கேட்டு ஷைனா அனுப்பியவை. பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்ரியனின் ஞானஸ்நானச் சான்று. பெற்றோரின் கல்யாணப் போட்டோ, இரண்டு பக்கமும் ஆட்கள் தெரியும்படி. தூத்துக்குடியில் தாத்தா வீட்டு விலாசம், அதற்கு முன் இருந்த விலாசம். டெக்சாஸிலிருந்து பிலடெல்ஃபியாவுக்கு ஏன் வந்தான் என்ற விவரம். டெக்சாஸ் பேர்லேண்டில் அவன் குடும்பம் போகும் கோயிலின் ஃபாதர் எழுதிய நன்னடத்தைக் கடிதம். பையன் கத்தோலிக்கன். கான்வென்டில் படித்த ஜெயகுமாரிக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. எந்தத் தலைமுறையிலிருந்து என்று தெரிந்தால் போதும்.

“மாம், யூ செட் திஸ் வாஸ் டன்.”

“நாங்க தடுக்கலியே. விசாரிக்கிறோம், அவ்வளவுதான். என்னங்க, உங்க லென்ஸைக் கொண்டாங்க.”

ஜீவரத்தினம் லென்ஸுடன் வந்து ஞானஸ்நானச் சான்றின் மேல் குனிந்தார். நாலு மாசப் பழக்கம், கண் தானாகச் சுருங்கியது. “தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கு. இந்த எழுத்து அப்ப இருந்துச்சா?”

“அதை விடுங்க. இந்த லெட்டரைப் பாருங்க.” ஃபாதரின் கடிதத்தை ஜெயகுமாரி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். “கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. இவ்வளவு அழகா இருந்தா யாரோ உக்காந்து எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். சீலும் சரியில்ல. இந்த மாதிரி சீலை எதை வச்சு வேணா குத்தலாம்.”

“எதை வச்சு?” என்றார் ஜீவரத்தினம்.

“எதையாவது வச்சு,” என்றாள் அவள், கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னொரு லெட்டர் வேணும். சம்பந்தமில்லாத ஆளுகிட்டேர்ந்து.”

ஷைனா இருவரின் உச்சந்தலைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்த வீட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்லி வந்த பெண், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் கேட்டாள்.

“அம்மா... அப்பா... ஆட்ரியன் நாளைக்குச் சும்மா வந்து, சாப்பிட்டுட்டுப் போகலாமா?”

லென்ஸ் இரண்டாம் பக்கத்துக்கு நகர்ந்தது.