இன்ஜின் சத்தத்தைத் துடைத்த வக்கீல்

படித்தவனிடம் ஒரு பொருளைக் கொடுத்தால், அதை மேம்படுத்தாமல் திருப்பித் தரமாட்டான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் இந்த வியாதி எனக்குக் கொஞ்சம் முற்றியே இருந்தது.

மன்னார்குடியில் வக்கீலான பிறகு எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வழக்கு எங்கள் ஊர்ச் செல்வி அக்காவுடையது. வாய்க்காலின் கடைமடையில் குத்தகை நிலம்; குறுவை நெல் பால் பிடிக்கிற நேரம். மேல்வயல்காரர் முருகேசன் பொது வாய்க்காலில் இன்ஜின் வைத்து உறிஞ்சியதில் அக்கா வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. உடனே தடை உத்தரவு வாங்காவிட்டால் பயிர் முழுக்கப் பதர்தான். முருகேசனோ, இன்ஜினே வைக்கவில்லை என்று பதில் மனு போட்டிருந்தார்.

அக்காவிடம் இருந்த ஒரே ஆதாரம், முருகேசன் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிய குரல் பதிவு.

"யக்கா, நான் இப்ப மதகுகிட்டதான் நிக்கிறேன். இங்க இன்ஜினும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா பழி போடாதீங்க!"

"இது ஒண்ணு போதும் தம்பி" என்றார் அக்கா.

(என்ன போதும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் மரியாதை போய்விடுமே என்று பலமாகத் தலையாட்டினேன்.)

இந்த மாதிரிப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டம் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் என்று ஒரு நீளமான எண்ணை எழுத வேண்டும். பதிவிலிருந்தே கணக்கிட்டு எடுப்பது. பதிவில் ஒரு துளி மாறினாலும் எண் வேறாகிவிடும். தஞ்சாவூர் கணினி நிபுணர் ஒருவர் அக்காவின் போனிலிருந்து அதை எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நான் அதை வண்டி நம்பர் மாதிரி நினைத்துக்கொண்டேன். வண்டியைக் கழுவினால் நம்பர் மாறுமா என்ன?

ஆகவே கழுவினேன். முருகேசன் பேச்சுக்குப் பின்னால் டுபுடுபுவென்று ஓர் இரைச்சல். நீதிமன்றத்தின் காதுக்கு அது மரியாதையா? ஓர் ஆப்பில் போட்டு ஒட்டத் துடைத்தேன். முருகேசன் குரல் வானொலிச் செய்தி போல ஒலித்தது. பென்டிரைவில் ஏற்றி நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று என்று பெருமையாகக் கொடுத்தேன்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நீதிபதியிடம் சொன்னார். "அம்மா, சான்றிதழ்ல இருக்கற எண் வேற, இந்தப் பதிவோட எண் வேற. இது திருத்தின ஆதாரம். ஏத்துக்கக் கூடாது."

என் கறுப்புக் கோட்டுக்குள் ஓடிய வியர்வையைத் திருப்பிவிட்டிருந்தால் அக்காவின் வயல் பாதி நனைந்திருக்கும்.

நீதிபதி அம்மா என்னைப் பார்த்தார். "திருத்துனீங்களா?"

"இல்லம்மா. சுத்தம்தான் பண்ணினேன்."

"எதை?"

"பின்னாடி இருந்த இரைச்சலைம்மா. ஏதோ இன்ஜின் சத்தம்…"

நான் சொன்னது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

"வழக்கு எதைப் பத்தி, வக்கீல் சார்?"

"இன்ஜின் பத்திதாம்மா."

பின்வரிசையில் அக்கா தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தை எந்த ஆப்பாலும் துடைக்க முடியாது.

கோர்ட்டே குலுங்கியது, நீதிபதி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்றும் அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. "இவர் பிரதியை ஒதுக்கிடுவோம். சான்றிதழ் போன்ல இருக்கற பதிவுக்குத்தானே? அதையே கேட்போம்" என்றார். அக்காவின் போனை வாங்கி எண்ணைச் சரிபார்த்தார்கள்; கடைசி இலக்கம்வரை பொருந்தியது. போன் பேசியது. "இங்க இன்ஜினும் இல்ல" என்று முருகேசன் சொல்லச் சொல்ல, பின்னால் இன்ஜின் டுபுடுபுவென்று மறுத்துப் பேசிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் மெல்ல உட்கார்ந்தார்.

தடை உத்தரவு கிடைத்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. எனக்குத் தனியாக ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர் எவரோ, பெரிய மனிதர். திருடனை எல்லோரும் யோசிப்பார்கள்; என்னைப் போன்ற நல்லவனையும் யோசித்து அந்த எண்ணைக் கேட்டிருக்கிறாரே!

அறுவடை முடிந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பி, அம்மாவுக்குப் போன் செய்தார். அவர் சொன்னதை அம்மா இன்றுவரை வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் ஒப்பிக்கிறாள்:

"கல்லு கொஞ்சம் கெடக்கும்க்கா, பார்த்துப் பொறுக்கிக்கங்க. தம்பிகிட்ட மட்டும் முறத்தைக் குடுத்துடாதீங்க. அரிசியைத் தூக்கிப் போட்டுட்டுக் கல்லைப் பத்திரமா எடுத்து வச்சிடும்!"