மாமனாரின் புதுக் காரில் ஏழு மைல்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய்யே சொல்லாத ஆண்பிள்ளை யாராவது இருந்தால், அவர் காலில் விழுந்து கும்பிட நான் தயார். நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். "கார் ஓட்டுவீங்களா தம்பி?" என்று வருங்கால மாமனார் கேட்டார். "ஓ, நல்லாவே ஓட்டுவேங்க" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே!)

அதுவரை நான் ஓட்டியது டிராக்டர். அதுவும் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கொல்லையில் இரண்டு சுற்று.

எண்பதுகளின் நடுவில் நடந்த கல்யாணம். அரியலூர் மாமனார் சுண்ணாம்புக்கல் லாரி விட்டு மேலே வந்தவர். மறுவீட்டு விருந்துக்குப் போனால், வாசலில் ஒரு புதுக் கார் நிற்கிறது. மெட்ராசிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவ்வளவு நீளமாக, தரையோடு தரையாகப் படுத்த காரை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. சீட்டின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. மாமனாருக்கு ஓட்டத் தெரியாது. டிரைவரோ மனைவிக்குப் பிரசவம் என்று லீவு.

"டிரைவர் எதுக்கு? நம்ம மாப்ள இருக்காருல்ல!" என்று தெருவே கேட்கும்படி சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார். எங்களைப் பெரம்பலூரில் என் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. டிரைவர் மறுநாள் அங்கே வந்து காரைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவாராம். முன் சீட்டில் என் பக்கத்தில் மாமனார். பின் சீட்டில் என் மனைவி செல்வி. கல்யாணமாகி நாலு நாள். இன்னும் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. தெரியாது என்று சொன்னால் அவள் முன்னால் மானம் போகும். ஓட்டினால் உயிர் போகும். உயிர்தானே, போனால் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் புதுக் காரை ஓட்டிப் பார்த்துப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என் அபிப்பிராயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கியர். டாக்சிக்காரர்கள் ஸ்டியரிங் பக்கத்தில் போடுவதைப் பார்த்திருந்ததால் அங்கே துழாவினேன். கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. "கண்ணாடியத் தொடைக்கிறாரு" என்று வழியனுப்ப வந்தவர்களுக்கு மாமனார் விளக்கம் சொன்னார். கியர் கீழே சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை ஒருவழியாகப் போட்டு, டிராக்டரில் விடுவது போல கிளட்சிலிருந்து படக்கென்று காலை எடுத்தேன். கார் தவளை மாதிரி நாலு முறை குதித்துத் தெருவைத் தாண்டியது.

அதற்கப்புறம் வெண்ணெய்தான். ஊர் பார்க்க வேண்டுமே என்று மாமனார் ஏ.சி.யையும் போட்டு, ஜன்னலையும் இறக்கி வைத்திருந்தார். ஏழு மைல் ஒரு குறையும் இல்லை. சத்தமே இல்லாமல் முள் அறுபதைத் தொட்டிருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது பிரேக். அங்கேதான் வினை.

தை மாதம். எங்கள் பக்கத்தில் அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும். அதன்மேல் பிரேக் போடக் கூடாது, நிதானமாக உருட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது இந்த ரோட்டில் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்தவனுக்கு எங்கே தெரியும்? புதுக் காரில் தூசு பட்டுவிடுமே என்று, கொள்ளுக்கு நட்ட நடுவில் பிரேக்கை ஏறி மிதித்தேன்.

கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே அரை வட்டம் சுற்றி, ரோட்டோரம் குவித்திருந்த கொள்ளுச் செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. ஜன்னல் வழியாகச் சக்கை கொட்டி எங்கள் மூன்று பேரையும் மூடியது.

மாமனார் இறங்கினார். மீசையெல்லாம் சக்கை. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை வைய முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லீங்க மாப்ள" என்றார். பிறகு சட்டென்று திரும்பிப் பக்கத்திலிருந்த புளியமரத்தைப் பார்த்து, "அறிவிருக்கா ஒனக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினார். மரம் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

கொள்ளுக்குச் சொந்தக்கார அம்மா மட்டும் கோபப்படவே இல்லை. டயருக்கடியில் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா, லாரி பத்து தடவ போனாலும் இப்படி மசியாது! தம்பி, ரிவர்ஸ்ல ஒரு தடவ வாங்க. அப்படியே அந்த ஓரத்துலயும் ஒரு சுத்து."

ரிவர்ஸ் எங்கே இருக்கிறது? மறுபடி துழாவினேன். மறுபடி வைப்பர் ஆடியது.

மாமனார் ஜன்னலில் குனிந்து ரொம்ப மெதுவாகக் கேட்டார். "மாப்ள, இதுக்கு முன்னாடி என்ன வண்டி ஓட்டுனீங்க?"

"டிராக்டருங்க மாமா."

"எவ்ளோ தூரம்?"

"கொல்லையில... ரெண்டு சுத்துங்க."

பின் சீட்டில் ஒரு சத்தம். செல்வி வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. தலையிலிருந்து சக்கை உதிர உதிரச் சிரித்தாள். அவளைப் பார்த்து மாமனாரும் அடக்க முடியாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். மானம் போவது இவ்வளவு சந்தோஷமான சமாசாரம் என்று தெரிந்திருந்தால், அரியலூர் வாசலிலேயே அதைத் தொலைத்திருப்பேன்.

கியர் குமிழில் போட்டிருந்த படத்தைப் பார்த்து ரிவர்சைக் கண்டுபிடித்தது செல்விதான். அந்த அம்மா கை காட்டக் காட்ட, முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் கொள்ளடித்தேன். கடைசியில் அவர் இரண்டு படி கொள்ளை மாமனாரின் துண்டில் கொட்டி, "ஒழைச்சவருக்குக் கூலி குடுக்காம அனுப்பக் கூடாதுங்க" என்றார்.

முள்ளை இருபதுக்கு மேல் ஏற்றாமல் பெரம்பலூர் வந்து சேர்ந்தோம். என் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து, "துண்டுல என்னங்க சம்பந்தி?" என்று கேட்டார்.

"மாப்ள சம்பாத்தியம்" என்றார் மாமனார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் கொள்ளுக்கு வேறு பெயர் கிடையாது. செல்வி இன்றும் மளிகைச் சீட்டில் 'மாப்ள சம்பாத்தியம், அரைக் கிலோ' என்றுதான் எழுதுகிறாள். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்.