குளியலறைக் கல்லில் இருக்கும் மீனின் வயது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, வீட்டுத் தரகர் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவன் மட்டும் நலம். அங்கே என் மகளும், நேற்றுக் கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்து சேர்ந்த உங்கள் அத்தையும் நலம்தானே.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக்குப் புதுக் கல் பதித்ததில், ஒரு கல்லுக்குள் முள்ளும் வாலுமாக மீன் ஒன்று இருந்தது. பாறை ஆராய்ச்சி செய்கிறவர் என்ற மரியாதைக்கு உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் குனிந்து பார்த்து, ஐந்து கோடி வருஷம் என்றீர்கள். கடவுள் ஆறே நாளில் படைத்த உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது, அதில் குடியிருந்த மீனுக்கு எப்படி ஐந்து கோடி என்று நான் கேட்டதில் என்ன தப்பு? நாற்பது வருஷம் தரகு பார்த்தவன் நான். வீடு கட்டுவதற்கு முன்பே அதில் குடியிருந்தவரை இதுவரை பார்த்ததில்லை.

கல்லுக்குள் மீன் வர ஆறு நாள் போதும் என்று நிரூபிக்கத்தான், உங்கள் அத்தையின் கேக் தட்டில் சிமென்ட் குழைத்து, குழம்புக்கு வாங்கிய மீனை அதில் படுக்கவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். மூன்றாம் நாள் மாடி வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலாம் நாள் சுகாதார ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாம் நாள் உங்கள் அத்தை வந்து, "இந்த வீட்டுல ஒண்ணு அந்த மீன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். படைப்பு முடிய ஒரே நாள்தான் பாக்கி, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றேன். பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை சொன்ன வயச ஒத்துக்கிட்டு எழுத்துல குடுங்க, அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை, வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உப்பு டப்பா எங்கே என்று அவளிடம் கேட்டுச் சொல்லவும். ஆகவே தொழில்முறையில் பேசி முடித்துவிடுவோம். நான் ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு ஏறி வருகிறேன், நீங்கள் கொஞ்சம் இறங்கி வாருங்கள். மாட்டீர்கள், அளந்து பார்த்த கணக்கு என்பீர்கள். சரி, ஐந்து கோடியே இருக்கட்டும். ஒப்புக்கொண்டேன், கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். அவளை அனுப்பிவையுங்கள்.

உலகத்தைப் படைக்க எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, கடவுள் உங்கள் எல்லோருக்கும் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். இன்று ஆறாம் நாள். சதையெல்லாம் போய், முள்ளும் வாலும் மட்டும் சிமென்டில் பதிந்து கிடக்கிறது, அச்சு அசல் உங்கள் ஐந்து கோடி. ஆகவே அத்தையை அனுப்பச் சொன்னதைத் தவிர மேலே எழுதியது எதுவும் செல்லாது. தட்டுக்குப் பக்கத்தில் மாடி வீட்டுப் பூனை மீசையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது நமக்குள் இருக்கட்டும்.