ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொட்டாத பம்ப்

“மறுபடியும் சொட்டுது, தம்பி” என்றபடி ஆபீசர் காரிலிருந்து இறங்கினார். குரலில் வருத்தம் துளிகூட இல்லை. கையில் சாப்பாட்டுப் பை வேறு இருந்தது.

பம்ப் டாக்டர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. டீசல் பம்ப் ரிப்பேரில் கெட்டிக்காரர் என்று டிரைவர்கள் கொடுத்த பட்டம் அது. அந்தத் தெம்பில் கடை வாசலில் ‘நான் தொட்ட பம்ப் சொட்டாது’ என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். ஆபீசரின் கார் இப்போது அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று சொட்டிக்கொண்டிருந்தது.

ஆபீசர் ஓய்வு பெற்றவர். எந்த ஆபீசில் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான்.

முதல் தடவை வந்தபோது விஷயம் சின்னதாகத்தான் இருந்தது. பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நட்டு லேசாகத் தளர்ந்திருந்தது. டாக்டர் இறுக்கினார். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆபீசர் கேட்டாரே என்று எந்த நட்டு, எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் தளரும், பதினேழாம் நம்பர் ஸ்பானரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தார். ஆபீசர் மாணவன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கார் திரும்பி வந்தது. அதே நட்டு, அதே சொட்டு.

டாக்டர் குழாயையே மாற்றினார். மறுநாள் சொட்டியது. எஞ்சின் அதிர்வில்தான் நட்டு தளர்கிறது என்று முடிவு கட்டி, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளை மாற்றினார். அதற்கும் சொட்டியது.

“சார், வண்டியை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. ரெடியானதும் நானே கொண்டு வந்து விடறேன்” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“பரவாயில்ல தம்பி, எனக்கு ஒரு அவசரமும் இல்ல. வீட்டுல இருந்தா மட்டும் என்ன? நேத்து பால் பொங்க எவ்வளவு நேரமாகுதுன்னு கடிகாரத்தை வெச்சுப் பார்த்தேன். கேஸை எப்படி மிச்சம் பண்றதுன்னு என் வீட்டுக்காரிக்கு எடுத்துச் சொன்னேன். காதுலயே வாங்கல.”

ஸ்டூலில் உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை. வாசலில் வந்து ஹாரன் அடித்த லாரி டிரைவரை, “ஒழுங்கா வரிசையில வாங்க” என்று திருப்பி அனுப்பினார். ஆளே இல்லாத கடையில் எங்கே வரிசை? டிரைவர் எதிரே இருந்த இன்னொரு பம்ப் கடைக்குப் போய்விட்டார்.

மதியம் டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அலமாரியே தலைகீழாகியிருந்தது.

“என் ஸ்பானரெல்லாம் எங்க சார்?”

“கடைசித் தட்டுல. எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கியிருக்கேன். ‘ஸ்’ கிரந்த எழுத்து, கடைசிலதானே வரும்?”

டாக்டர் குனிந்து கடைசித் தட்டைத் துழாவினார்.

“வீட்டுல சமையல்கட்டையும் இப்படித்தான் அடுக்கினேன். ஆனா ஒழுங்கு எல்லாருக்கும் வராது தம்பி. நான் கூட ஆசையா ஒரு ஸ்பானர் செட் வாங்கினேன். அதுல ஒண்ணு மட்டும் எங்கயோ போயிடுச்சு. அந்த வீட்டுல எந்தப் பொருளும் வெச்ச இடத்துல இருக்கறதில்ல.”

இந்த லட்சணத்தில்தான் வேன் முதலாளி வந்து சேர்ந்தார். அவரிடம் பள்ளிக்கூட வேன்கள் ஏராளம். எல்லா வேன்களின் பம்ப் வேலையையும் டாக்டரிடமே தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. கைநழுவினால், ஏற்கெனவே தள்ளாடும் கடையை மூடிவிட்டு எதிர்க்கடையில் கைகட்டி வேலை கேட்க வேண்டியதுதான். டாக்டருக்கு அது தெரியும். எதிர்க்கடைக்காரருக்கும் தெரியும். அதுதான் இன்னும் கொடுமை.

வேன் முதலாளி வந்த நேரம் பார்த்து, டாக்டர் பம்ப்பை முழுசாகக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் வளையங்களையெல்லாம் புதுசு போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டும்போது ஆபீசர் இடைவிடாமல் கேள்வி கேட்டதில், பம்ப்பின் பல் சக்கரம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் குபுகுபுவென்று கிளம்பிய புகையில் வேன் முதலாளியின் வெள்ளைச் சட்டை காணாமல் போனது.

“என்னய்யா டாக்டரே, வண்டிக்கு வைத்தியம் பாக்கறியா, கொசுவுக்கு மருந்தடிக்கறியா?” இருமிக்கொண்டே பலகையை நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் கார் தினமும் இங்கயே நிக்குதுன்னு எதிர்க்கடைக்காரன் சொல்லிச் சிரிக்கறான்.”

“சின்ன வேலைதாங்க. முடிஞ்ச மாதிரிதான்.”

“திங்கக்கிழமை சாயந்திரம் வர்றேன். இந்தக் காருக்கு அடியில தரை காஞ்சிருந்தா வேனெல்லாம் உனக்கு. ஈரமா இருந்தா அவனுக்கு.”

டாக்டர் சனிக்கிழமை மாலை வரை உட்கார்ந்து பல்லைச் சரிசெய்தார். பம்ப்பைத் துணியால் துடைத்து, அதன்மேல் முகப் பவுடரைத் தூவினார். எங்கே பவுடர் நனைகிறதோ அங்கேதான் கசிவு. பழைய தந்திரம், பொய் சொல்லாது.

“நாளைக்கு லீவு. திங்கக்கிழமை நானே வீட்டுக்கு வந்து பாக்கறேன் சார். நீங்க கிளம்பாதீங்க.”

“ஞாயித்துக்கிழமை சொட்டாது தம்பி. போன வாரமும் சொட்டல. அதுக்கு முந்தின வாரமும் சொட்டல. உங்க கடைக்கு லீவுன்னு அதுக்கே தெரியும் போல” என்று ஆபீசர் சிரித்தார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஆபீசர் வீட்டு வாசலில் நின்றார். பானெட்டைத் திறந்தார். பம்ப்பின் மேல் தூவிய பவுடர் தூவியபடியே காய்ந்து கிடந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆண்டவா, தப்பித்தோம்! பம்ப்புக்கு முத்தம் கொடுக்கலாமா என்று கூடத் தோன்றியது.

“உள்ள வாங்க தம்பி, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க” என்று ஆபீசரின் மனைவி அழைத்தார். சாந்தமான முகம், அதிர்ந்து பேசாத குரல்.

டாக்டர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். ஆபீசர் செருப்புகளை எந்த வரிசையில் விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார்.

“சரி, நானும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்” என்று ஆபீசர் எழுந்தார்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. நட்டைச் சுற்றியிருந்த பவுடர் மெல்ல நனைந்தது. சொட்டு. இன்னொரு சொட்டு.

“பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல!” என்று ஆபீசர் உற்சாகமாகிவிட்டார். “இருங்க, சட்டை மாத்திட்டு வர்றேன். கடைக்குப் போயிடுவோம்.”

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. பேசாமல் ஒரு பேயோட்டியைக் கூப்பிடலாமா என்று யோசித்தபடி, கை கழுவச் சமையலறைக்குப் போனார்.

குழாய்க்குமேல் கரண்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. அவர் கண் தோசைக் கரண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் ஒரு பதினேழாம் நம்பர் ஸ்பானர் தொங்கியது. அதன் வாயில் பவுடர் ஒட்டியிருந்தது.

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். அந்த அம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா... நீங்களா?”

“அரைச் சுத்துதான் தம்பி. அதுக்குமேல தளர்த்தினதில்ல.”

“எந்த நட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க அவருக்குச் சொல்லிக்குடுத்தீங்க. அவர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். ரெண்டு தடவை.”

உள்ளேயிருந்து ஆபீசரின் குரல் வந்தது. “தம்பி, சோப்பு வேணும்னா ‘ச’ வரிசையில பாருங்க!”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “என் பொழப்பே போகுதும்மா. சாயந்திரம் வேன்காரர் வந்து தரையைப் பார்ப்பார்.”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். முகத்தில் உண்மையாகவே இரக்கம் தெரிந்தது.

“பாவம், நீங்களும் பிள்ளைகுட்டிக்காரர். சரி, இனிமே சொட்டாது. ஆனா அவரை நீங்க கடைக்கு மேனேஜரா வெச்சுக்கணும். சம்பளம் ஒண்ணும் வேண்டாம், சாப்பாடும் நானே கட்டிக் குடுத்துடறேன்.”

டாக்டர் லாரி டிரைவரை நினைத்தார், கடைசித் தட்டை நினைத்தார், பிறகு வேன்களை நினைத்தார். தலையை ஆட்டிவிட்டு ஸ்பானருக்காகக் கையை நீட்டினார்.

அந்த அம்மாள் அதைத் துடைத்து மறுபடியும் கரண்டிகளுக்கு நடுவிலேயே மாட்டினார்.

“இது என்கிட்டயே இருக்கட்டும் தம்பி. ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறக்கறீங்களான்னு பார்த்துட்டுத் தர்றேன்.”