வளர்ந்து முடித்த மீனுக்கு வேண்டிய இடம்

மீன் வளர்க்க விரும்பும் பொறுப்புள்ள குடிமகள் முதலில் தொட்டியின் அளவை முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் பயப்பட வேண்டும். பின்னதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

என் மகளுக்கு முதல் பிறந்தநாள் போய் வெகுநாளாகிறது. இன்னும் நடக்கவில்லை. எழுந்து நிற்பாள், யோசிப்பாள், உட்கார்ந்துவிடுவாள். குழந்தை மருத்துவர் அவள் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லம்மா. நடப்பா, விடுங்க" என்றார். 'நடப்பா' என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்து வந்து இரவெல்லாம் கவலைப்பட்டேன். 'விடுங்க' என்பதை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டேன்.

விடுவதற்கு ஏற்ற இடத்திலும் அவள் இல்லை. கூடத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் வேலி, வேலிக்குள் மெத்தை, மெத்தைமேல் மகள். மேசை முனை, கதவிடுக்கு, வழுக்கும் தரை முதலிய சமூக விரோத சக்திகள் அவளை அணுகாதவண்ணம் நான் செய்திருந்த ஏற்பாடு அது.

அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் அந்தப் பருவத்து மோஸ்தர் வண்ண மீன். அதற்கு முந்தின பருவத்தில் குழந்தையின் கண்முன் ஆட்டும் கறுப்பு வெள்ளை அட்டை. "மீனைப் பார்த்தா குழந்தை தானா எழுந்து நடக்கும்" என்று ஒருத்தி எழுதினாள். ஆதாரம் கேட்டேன். மூன்று இதயங்கள் அனுப்பினாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"எவ்வளவு பெரிய தொட்டி?" என்றார் என் கணவர்.

"சின்னதா. அவ தலை உள்ள போகாத அளவுக்கு."

"அப்ப டம்ளர்லயே வளர்த்துடலாம்."

"டம்ளரைத் தூக்கிக் குடிச்சுட்டா?"

அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். எங்கள் வீட்டில் விவாதங்கள் முடிவது அப்படித்தான்.

மீன் கடைக்காரர் தொட்டிகளின் நடுவே நின்றுகொண்டு, "அளவை நாங்க சொல்லக் கூடாதுங்க. நகராட்சியில வளர்ப்புயிர் இடவசதிப் பிரிவுன்னு ஒண்ணு திறந்திருக்காங்க. அங்க சொல்ற அளவுலதான் விக்கணும்" என்றார்.

இடவசதி அலுவலர் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தார். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நாற்காலி செருகப்பட்டிருந்தது. அவர் மின்விசிறியைப் போட வேண்டுமானால் எழுந்து, மேசையைத் தள்ளி, நாற்காலியைத் தூக்கி, திரும்ப வேண்டும். அதனால் வேர்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மீன்?"

"ஏஞ்சல் மீன் சார். குட்டிதான். என் கட்டைவிரல் அளவு இருக்கும்."

"இன்னிக்குக் கட்டைவிரல். விதி இன்னிக்கு இருக்கற மீனைப் பார்க்காதும்மா. வளர்ந்து முடிச்ச மீனைத்தான் பார்க்கும்."

"அப்ப உள்ளங்கை அளவு."

"உள்ளங்கை மீன் முட்டாம திரும்பணும். திரும்பினா போறதுக்கு ஒரு இடம் வேணும். போன இடம் பிடிக்கலேன்னா?"

"திரும்பி வரும் சார்."

"வந்த வழியாவே வந்தா சலிப்பாயிடும். அதுக்கு வேற வழி விடணும். தனியா இருந்தா ஏங்கும், அதனால கூட நாலஞ்சு. அதுல ரெண்டு ஜோடி சேரும். ஜோடி சேர்ந்தது மத்ததை விரட்டும். விரட்டுப்பட்டதுக்கு ஓட என்ன வேணும்?"

"இடம்" என்றேன், கையைத் தூக்கிக்கொண்டு. கான்வென்டில் படித்தவள் நான். விதி என்று யாராவது சொன்னால் எழுந்து நிற்பேன். கேள்வி என்று வந்தால் கை தானே உயரும்.

"பார்த்தீங்களா, உங்களுக்கே தெரியுது."

"சின்னத் தொட்டியில வெச்சா செத்துடுமா சார்?"

"உடனே சாகாது. அதான் சிக்கல். வளர்ச்சி குன்றிடும். வெச்சிருக்கறவங்க, எவ்வளவு அடக்கமான மீன்னு பெருமை வேற பட்டுக்குவாங்க. இன்னொண்ணு. சும்மா சும்மா தொட்டிக்குள்ள கையை விடாதீங்க. மிரண்ட மீன் நீந்தாது."

நான் வெளியே வந்தபோது தொட்டி எங்கள் சோபாவைவிட நீளமாகியிருந்தது. ஆகவே சோபா மைத்துனர் வீட்டுக்குப் போயிற்று.

"நாம எங்க உட்கார்றது?" என்றார் கணவர்.

"அதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை."

தொட்டி வைக்கும் இடத்தைப் பார்வையிட அலுவலரே நேரில் வந்தார். கையில் அளவு நாடா. காலி இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கூடத்தின் நடுவே நின்றார்.

"அந்தத் தொட்டியில இருக்கறது?"

"அது தொட்டி இல்ல சார். அது என் மக."

"இடம் அடைப்பா இருக்கு. உள்ள உயிர் இருக்கு. வெளியே இருந்து உணவு போடறீங்க." அவர் குனிந்து நாடாவை விரித்தார். "என்ன இனம்னு விதி கேட்கறதில்லை. வளர்ந்தா என்ன உயரம் வரும்?"

"என்னளவு வரலாம்."

"உங்களளவு உயிர் இதுல திரும்ப முடியுமா?"

"அவ இப்ப சின்னவதானே சார்."

"இன்னிக்குக் கட்டைவிரல்" என்றார் அவர்.

அலுவலகத்தில் கையைத் தூக்கிச் சரியான விடை சொன்ன நான், இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் வேலியின் கொக்கியைக் கழற்றினார். கூடத்தின் நீளத்தை அளக்க வேண்டும். நாடாவின் முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் உறைந்து போயிருந்தேன். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். ஓய்வாக இருந்தவள் ஒருத்திதான். அவள் கையில் முனையைக் கொடுத்துவிட்டு, அவர் பாட்டுக்கு எதிர்ச்சுவரை நோக்கி நடந்தார்.

முனையை விட அவளுக்கு மனமில்லை. எழுந்தாள். நின்றாள். வழக்கம்போல் யோசித்தாள். நாடா இழுத்தது. ஒரு கால் முன்னால் போயிற்று. அது போய்விட்டதே என்று மற்ற காலும் போயிற்று.

நான் பாய்ந்தேன்.

"உள்ள கையை விடாதீங்க" என்றார் அலுவலர், திரும்பாமலே. "மிரண்டுடும்."

என் கை அந்தரத்தில் நின்றது. அவள் மேசை முனையைக் கடந்தாள். கதவிடுக்கைக் கடந்தாள். வழுக்கும் தரையில் ஒருமுறை வழுக்கி, உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எந்தப் பேரிடரும் நிகழாமல் எழுந்து, அலுவலரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"முனையைப் பிடிக்கச் சொன்னா கூடவே வருது" என்று அவர் சலித்துக்கொண்டார். "அளவே எடுக்க முடியலை."

கணவர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். நான் அழுதேன் என்று சொல்கிறார்கள்; ஆதாரம் இல்லை.

பிறகு தொட்டியும் வந்தது, மீன்களும் வந்தன. கட்டைவிரல் அளவில் அவை ஒரு மூலையில் கூடி நின்று, மிச்ச இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கின்றன. மகள் நின்று பார்ப்பதில்லை. அவளுக்கு நடக்க நேரம் போதவில்லை. குழுவில் ஒரு புது அம்மா, மீன் வைத்தால் குழந்தை நடக்குமா என்று கேட்டிருந்தாள். மூன்று இதயங்கள் அனுப்பினேன்.

சோபா போனபின் வீட்டில் மெத்தென்று இருக்கும் இடம் வேலிக்குள்தான். நானும் கணவரும் அங்கேதான் உட்காருகிறோம். மறுபார்வைக்கு வந்த அலுவலரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து காலை நீட்டினார். இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் திரும்பினார். "தாராளமா இருக்கு" என்றார்.

மகள் மீன் உணவு டப்பாவோடு வந்தாள். வேலிக்கு வெளியே நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் தலைமேல் ஒரு சிட்டிகை தூவிவிட்டு நடந்து போனாள்.

உள்ளே கையை விடவில்லை. விதி தெரிந்தவள்.