அஞ்சடிக் கோச்சு

ஏ, வாங்க, உக்காருங்க. பின்னால நிக்கிறவுக முன்னால வாங்க. முன்னால பேசுறவுக வாயப் பின்னால வச்சுக்கோங்க. அந்தச் செவரோரம் என்ன குசுகுசுன்னு? உங்க வீட்டுக் கதையப் பொறவு பேசிக்கிடலாம், அது எங்கயும் ஓடிறாது. நம்ம எலியேசரு கதை ஓடிரும், ஏன்னா அவரு நிக்கிற ஆளே இல்ல. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க. ஆனா அவரு எதிர்ல வச்சு மட்டும் சிரிக்காதிய. அந்த மனுசனுக்கு இன்னும் ஆறல.

எலியேசரு ராசபாளையத்துல ஒரு பஞ்சு மில்லுல பிட்டரு. எந்த மெசினு மொனங்குனாலும் காத வச்சே சொல்லிருவாரு, இன்ன பேரிங்கு போச்சுன்னு. வீட்டுல பொண்டாட்டி மொனங்குனா மட்டும் அந்தக் காது கேக்காது. பொண்டாட்டி பேரு ஏசம்மா. சீவில்லிபுத்தூர்ல இருந்து கட்டிட்டு வந்தது. ஒரே மகன் கிதியோனு, எட்டாப்புப் படிக்கான். அவன் வாயத் தொறக்குறது சோத்துக்கும் கொட்டாவிக்கும் தான்.

தொண்ணூறாம் வருசம் உலகக் கோப்பை கால்பந்தாட்டத்த டீவில காமிச்சான். எலியேசரு பக்கத்து வீட்டுச் சன்னல்ல தலையக் குடுத்துப் பாத்தாரு. ஒரு மாசமாப் பாத்தாரு. தலைய வெளிய எடுத்தப்போ அது பழைய தலையா இல்ல. கோச்சுத் தலையா இருந்துச்சு.

"ஏசம்மா, இந்த ராசபாளையத்துக்கு ஒரு கப்பு வாங்கிக் குடுக்காம நான் ஓய மாட்டேன்."

"கப்ப பொறவு வாங்குங்க. அடுப்படிக் கொழாய் ஒழுகுது, அதப் பாருங்க."

"நான் ஊரப் பத்திப் பேசுதேன். நீ கொழாயப் பத்திப் பேசுதியே."

"ஊரு ஒழுகலயே. கொழாய் தான ஒழுகுது."

இப்பிடித் தான் அந்த டீமு பொறந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். அப்பம்லாம் பயலுவ ஆட்டத்துக்கு வயசு சர்ட்டிபிகேட்டு கேக்க மாட்டாங்க. கேட்டா யாருகிட்ட இருக்கு? அதனால அஞ்சடிப் போட்டின்னு ஒண்ணு நடத்துவாங்க. கிரவுண்டுல ரெண்டு கம்ப நட்டு, அஞ்சடி உசரத்துல குறுக்க ஒரு மூங்கிலக் கட்டிருவாங்க. ஆடுற பயலுவ ஒவ்வொருத்தனா அதுக்கடியில நிமிந்து நடந்து போகணும். தல இடிக்கலைன்னா ஆடலாம். இடிச்சா வீட்டுக்குப் போலாம். அம்புட்டு தான் சட்டம்.

சட்டம்னு ஒண்ணு வந்தாலே நம்மாளுக்குச் சந்து ஒண்ணு வேணும்ல. எலியேசரு தேடிப் புடிச்ச பயலுவ எல்லாரும் மூங்கில முத்தம் குடுக்குற உசரம். ஒருத்தனுக்கு மீசை அரும்பிருச்சு. இன்னொருத்தனுக்கு வீட்டுல பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டதாக் கேள்வி. வீட்டு வெளிச் செவத்துல கரிக்கட்டையால அஞ்சடிக்கு ஒரு கோடு. ஞாயித்துக்கெழமதோறும் அத்தன பயலையும் நிக்க வச்சு அளப்பாரு. மூட்ட லேசா மடக்கி, வேட்டி கட்டுன கொக்கு மாதிரி நடக்கப் பழக்குனாரு. அதுவும் பத்தலைன்னு, முடியே அரை இஞ்சு இருக்கேன்னு டீமு மொத்தத்தையும் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டு விட்டுட்டாரு.

மறுநா காலையில பயலுவ அம்மாமாரு எல்லாம் வாசல்ல.

"ஏன்ய்யா, நீங்க வேதக்கார ஆளு. எம்மகன் முடிய இருக்கங்குடி ஆத்தாளுக்குல்ல நேந்து வச்சிருந்தேன். நீங்க எந்தச் சாமிக்கு எடுத்திய?"

எலியேசரு வீட்டுக்குள்ள கட்டிலுக்கடியில ஸ்பேனரத் தேடுறாரு. இல்லாத ஸ்பேனரு. ஏசம்மா தான் எல்லாத்துக்கும் டீயப் போட்டுக் குடுத்து, "முடி தானத்தா. வளரும்போது ஆத்தாளுக்குன்னே வளரும். தை மாசம் போயி எடுத்துக்கோங்க"ன்னு அனுப்பி வச்சா.

கதவச் சாத்திட்டு வந்து கேட்டா. "ஊரு மொட்டைக்கெல்லாம் நான் டீ போடுதேன். நம்ம பயல எப்ப டீமுல சேக்கப் போறிய?"

"யாரு, கிதியோனா? அவன் குட்டைல்லட்டி. பந்து ஒசந்து வந்துச்சுன்னா அவன் மேல நெழல் தான் விழும்."

"கால்ல தான ஒதைக்காங்க. கால் இருக்குல்ல அவனுக்கு?"

"அது மட்டுமில்ல. கோச்சு மகன்னு எறக்குனா ஊரு என்ன பேசும்? தன் பிள்ளைக்கு நெய்யி, ஊரான் பிள்ளைக்கு மோருன்னு பேசாதா? செத்தப் பொறு. அடுத்த மேச்சுல பாப்போம்."

அடுத்த மேச்சும் வந்துச்சு. அதுக்கடுத்ததும் வந்துச்சு. கிதியோனு கோட்டுக்கு வெளிய உக்காந்து ஆடுறவங்க செருப்பயும் சட்டையவும் பாத்துக்கிட்டான். பந்து வெளிய வந்தா எந்திரிச்சு ஒரு ஒதை. அந்த ஒதைய யாராவது பாத்திருந்தா கதையே வேற. பாக்க வேண்டிய ஆளு பாத்தது ஆடுற மொட்டைகள. பயலும் ஒண்ணும் கேக்கல. பாக்க மட்டும் பாப்பான். அந்தப் பார்வை இருக்கே, கடைக்கு வெளிய நின்னு பலகாரத்தப் பாக்குற பார்வை. எலியேசருக்கு அது முதுகுல குத்தும். திரும்பிப் பாக்க மாட்டாரு. வேகமா விசில ஊதுவாரு.

வீட்டுல பொண்டாட்டி குத்து, கிரவுண்டுல பிள்ளை குத்து. மனுசன் யோசிச்சாரு. ரெண்டு குத்துக்கும் சேத்து ஒரே மருந்து கண்டுபிடிச்சாரு.

ஏசம்மாளுக்கு ஒரு தம்பி, தவசிமுத்துன்னு. சீவில்லிபுத்தூர்ல கணக்கு வாத்தியாரு. கல்யாணப் பந்தியில எலும்பு யாருக்கு வச்சதுன்னு ஒரு தகராறு, அதுல இருந்து மாமன் மச்சான் பேச்சு கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் தான். எலியேசரு நெனச்சாரு, பயல சனி ஞாயிறு அங்க தள்ளிட்டா கண்ணுல குத்தும் இல்ல, காதுல குத்தும் இல்ல, மச்சினன் சோத்துப் பானையிலயும் ரெண்டு ஆப்ப கொறையும்.

"ஏசம்மா, பய கணக்குல வீக்கா இருக்கான். வாராவாரம் உன் தம்பிகிட்ட ட்யூசனுக்கு அனுப்பிருவோமா?"

"சரிங்க."

அம்புட்டு தான் பதிலு. அன்னைக்கு ராத்திரி கொழம்புல மீன் தலை எலியேசரு தட்டுல. பொண்டாட்டி ஒரே சொல்லுல சரின்னா, எங்கயோ பூனை பால்ச் சட்டிய உருட்டிருச்சுன்னு அர்த்தம். மில்லு மெசின் சத்தத்துல பேரிங்க கண்டுபிடிக்கிற காதுக்கு அந்தச் 'சரிங்க' கேக்கலயே. மீன் தலைய உறிஞ்சிக்கிட்டே, ஜெயிச்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டாரு.

அதுக்குப் பொறவு மனுசனுக்குக் கொண்டாட்டம். ஷிப்டு மாத்தி ஷிப்டு. கூட வேலை பாக்குற பால்ச்சாமி மகன் டீமுல முன்னால ஆடுறவன், அதனால பால்ச்சாமி தன் பகல் ஷிப்ட எலியேசருக்குக் குடுத்துட்டு, இவரோட சாயங்கால அரை நைட்ட வாங்கிக்கிடுவாரு. இன்னொரு வாரம் முழு நைட்டு பாத்துட்டு, பஞ்சு ஒட்டுன தலையோட நேரா பயலுவ ஆடுற பொட்டலுக்கு ஓடுவாரு. பயலுவள அய்யனார் கோவில் ரோட்டுல ஓட விட்டு, இவரு பின்னால சைக்கிள்ல போவாரு. சேத்தூரு டீம ஜெயிச்சாச்சு. அடுத்து வந்த டீமயும் ஜெயிச்சாச்சு. வீட்டுக்கு வரும்போது மகன் படுத்துத் தூங்குவான். சனி ஞாயிறு அவன் ஊர்லயே இல்ல. படுத்துக் கெடக்குற பயல உசரம் பாக்க முடியுமா? ஏசம்மா அவன் டவுசருக்கு அடிமடிப்பப் பிரிச்சு விட்டா. பொறவு அந்த டவுசரையே மாத்துனா. எலியேசரு ஒண்ணும் கேக்கல. ஊரான் பிள்ளைக உசரமெல்லாம் அவருக்கு இஞ்சு கணக்குல தெரியும்.

போட்டியில ராசபாளையத்துப் பக்கத்து டீமெல்லாம் இங்க ஆடும். சீவில்லிபுத்தூரு, மம்சாபுரம் பக்கத்து டீமெல்லாம் அங்க ஆடும். ரெண்டு பக்கமும் ஜெயிச்சவங்க பொங்கல் லீவுல சீவில்லிபுத்தூர்ல மோதணும். எலியேசரு டீமு பஸ்ஸேறுச்சு. ஏசம்மாளும் கூடவே ஏறுனா, புதுச் சேலை கட்டி.

"நீ எதுக்குட்டி வார?"

"ஆட்டம் பாக்க."

மனுசனுக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பொண்டாட்டி நம்ம வெற்றியப் பாக்க வாராளேன்னு டிக்கெட்டு அவரே எடுத்தாரு.

கிரவுண்டுல மூங்கில் கட்டியாச்சு. மொத எலியேசரு மொட்டைக போச்சு, முடி மொளைச்சாலும் அந்தப் பேரு போகல. கொக்கு நடை. ஒருத்தனுக்கும் இடிக்கல. அடுத்து சீவில்லிபுத்தூரு பயலுவ. எலியேசரு பின்பக்கமா நின்னு கண்ணு ரெண்டையும் மூங்கில் மேலயே வச்சிருந்தாரு. கடேசியா ஒருத்தன் வாரான். கொக்கு நடையெல்லாம் இல்ல, நிமிந்து நடக்கான். உச்சி முடி மூங்கில உரசுச்சு.

"இடிக்குது, இடிக்குது. அவன் ஆடக்கூடாது. நம்ம அப்ஜெக்சனு"ன்னு எலியேசரு கையத் தூக்கிட்டாரு.

அந்தப் பய திரும்பிப் பாத்தான்.

கிதியோனு.

தூக்குன கை அப்பிடியே நிக்குது. எறக்கத் தெரியல. விசிலுக்காரரு கூப்பிட்டாரு. "கோச்சு சார், நீங்க தான ஆட்சேபன. வந்து கை வச்சுப் பாத்துச் சொல்லுங்க. தல இடிச்சா பய வெளிய."

எலியேசரு போனாரு. எதிர் டீமு கோச்சா நிக்கிறது தவசிமுத்து வாத்தியாரு. அந்தப் பக்கம் புதுச் சேலையோட ஏசம்மா. அவ இவரப் பாக்கல, மூங்கிலத் தான் பாத்தா. இவரு மகன் தலையில கைய வச்சாரு. அந்தத் தலைய எப்பத் தொட்டதுன்னு அவருக்கே நெனவில்ல. கடேசியா தொட்டப்போ அது அவரு இடுப்புக்கிட்ட இருந்துச்சு. முடிய அமுக்கிப் பாத்தாரு. மண்டைக்கும் மூங்கிலுக்கும் நடுவுல ஒரு வெரலு போற எடம். அதுவும் சுண்டு வெரலு.

பால்ச்சாமி பின்னால இருந்து, "அண்ணாச்சி, இடிக்கின்னு சொல்லுங்க. அவன் தான் அவிய டீமுல கோல் அடிக்கிற பயலாம். அவன் போயிட்டா கப்பு நம்மளுது"ங்காரு. அவருக்குப் பய யாருன்னு அடையாளம் தெரியல. அம்புட்டு வளந்துட்டான்.

எலியேசரு நெனச்சிருந்தா ஒத்தச் சொல்லு. அந்தக் கப்புக்காகத் தான் ஆறு மாசம் தூக்கத்த வித்தாரு. மகன் அப்பன் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கான். பழைய பார்வை இல்ல. கெஞ்சவும் இல்ல. அப்பாவும் சரி, வேற டீமுக் கோச்சும் சரி, ரெண்டும் ஒண்ணுங்கிற மாதிரி நிக்கான்.

"முடி தான் இடிக்கு"ன்னாரு எலியேசரு. "தல இடிக்கல. ஆடட்டும்."

ஆட்டம் முடியப் போற நேரம். ரெண்டு பக்கமும் கோல் ஒண்ணுமில்ல. ஒசந்து ஒரு பந்து வந்துச்சு. மொட்டைக எல்லாம் மேல பாத்துட்டு நிக்கி. கிதியோனு எம்புனான். தலையால ஒரு முட்டு. பந்து வலைக்குள்ள.

கிரவுண்டே எந்திரிச்சுக் கத்துது. எலியேசருக்கும் ரெண்டு கையும் தன்னால ஒண்ணு சேரப் போச்சு. சட்டுன்னு பிடிச்சு பேண்டு பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டாரு. மகன் கோல் அடிச்சு மொத மொத பாக்காரு, கை தட்ட முடியல. அவன் அடிச்ச மத்த கோலுக்கெல்லாம் யார் யாரோ தட்டியிருக்காங்க. டீக்கடைக்காரரு தட்டியிருக்காரு, சைக்கிள் ஸ்டாண்டுக்காரரு தட்டியிருக்காரு. இவரு தட்டல.

தோத்தாச்சு. அதுக்குள்ள பய யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பால்ச்சாமி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி. சொந்த மகனுக்காக ஊர வித்துட்டிய"ன்னுட்டு மொட்டைகளக் கூட்டிட்டு பஸ்ஸேறிட்டாரு. எந்தப் பேச்சுக்குப் பயந்து மகன வெளிய உக்கார வச்சாரோ, அந்தப் பேச்சு பஸ்ஸேறி இவருக்கு முன்னால ஊரு போயிச் சேந்துருச்சு.

ராத்திரிச் சோறு தவசிமுத்து வீட்டுல. கறிக்கொழம்பு மணக்குது, எலியேசருக்கு எறங்கல.

"ஏட்டி, என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீயி?"

"கேட்டேன். ஆடியில கேட்டேன், ஆவணியில கேட்டேன். அடுத்த மேச்சு, அடுத்த மேச்சுன்னிய."

"ட்யூசனுன்னு ஏமாத்திட்டியேட்டி."

"ட்யூசனுன்னு சொன்னது நீங்க. நான் சரின்னு மட்டும் தான சொன்னேன். கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?"

தவசிமுத்து சிரிப்ப அடக்கிட்டு, "அத்தான், கணக்கும் தேறிட்டான்"ன்னாரு.

எலியேசரு மகனப் பாத்தாரு. இலையப் பாத்துக் குனிஞ்சு தின்னுக்கிட்டு இருக்கான். கையி எம்புட்டு நீளமாயிருச்சு. எலியேசரு சோத்தப் பெசைஞ்சாரு. பொறவு மெல்ல ஆரம்பிச்சாரு.

"ஏலே கிதியோனு. நடந்தது நடந்துச்சு. ஊரு என்ன வேணாலும் பேசட்டும். அடுத்த வருசம் நீ நம்ம டீமுல தான் ஆடுத. மொத ஆளா உன்னையத் தான் எறக்குவேன். கேப்டனே நீ தான். என்னலே சொல்லுத?"

பய வாயில இருந்தத மென்னு முழுங்குனான். தண்ணி குடிச்சான்.

"அடுத்த வருசம் நான் அஞ்சடியத் தாண்டிருவேம்ப்பா."