அவரவர் கடிதம் அவரவர் கையால்

பரிந்துரைக் கடிதம் என்னும் கலையை அதன் உச்சிக்குக் கொண்டுபோனவன் நான். பெயர் அகுஸ்தேன். சைகோனில், மசூதிக்குப் பின்தெருவில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார், பிரெஞ்சு வழக்கப்படி பையன்களுக்கு 'முசியே'. அடக்கம் கருதி இதற்கு மேல் சொல்லவில்லை.

அது அறுபத்தெட்டாம் வருடம், போர்க்காலம். பதினெட்டு முடிந்த பையன்களையெல்லாம் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தவனுக்கு விமானம், கிடைக்காதவனுக்குத் துப்பாக்கி. ஆசிரியர் கடிதம் இல்லாத விண்ணப்பத்தைக் கல்லூரிகள் பிரித்தே பார்க்காது. ஆகவே என் வீட்டு வாசலில் தினமும் கூட்டம்.

நான் ஒரு 'நிர்வாகச் சீர்திருத்தம்' கொண்டுவந்தேன். அவரவர் கடிதத்தை அவரவரே எழுதிவர வேண்டியது. கையெழுத்தும் முத்திரையும் மட்டும் என் பொறுப்பு. தன் கையே தனக்குதவி. இதனால் மாணவர்களின் மொழியறிவு வளர்ந்தது. என் மதியத் தூக்கமும் கெடவில்லை.

பலன் பிரமாதம். பின்னத்தைக் கூட்டத் தெரியாத அரிசி ஆலை முதலாளி மகன், 'ஆசியக் கணிதத்தின் விடிவெள்ளி' என்று தன்னைப் பற்றி எழுதிவந்தான். மூன்று வக்கீல்கள் சேர்ந்து எழுதியதாகக் கேள்வி. கையெழுத்திட்டேன். அடுத்த மாதம் விடிவெள்ளி விமானம் ஏறியது.

பிறகு பிரான்சுவா வந்தான். தகப்பன் வியட்நாமியர், தாய் அந்துவானேத் காரைக்கால்காரி. நான் பலகையில் செய்யும் பிழைகளை வகுப்பில் சொல்லாமல், மணி அடித்தபின் தனியே வந்து சொல்லும் பையன். அவன் கடிதத்தில் மூன்றே வரி. 'கணக்கு வரும். ரசாயனம் சுமார். தாயாருக்கு உடம்பு சரியில்லாததால் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.'

"இவ்வளவுதானாடா?"

"என்னப் பத்தி நானே எப்புடி முசியே பெருமையா எழுதுறது? நீங்க ரெண்டு வரி சேத்துப் போட்டீங்கன்னா..."

"அது விதிமீறல். நான் குறுக்கிட்டால் கடிதத்தின் 'நம்பகத்தன்மை' என்னாவது?"

"எடம் கெடைக்கலன்னா பட்டாளத்துக்குப் போவணும், முசியே."

"தேசத்துக்கும் ஆள் வேண்டுமே" என்று கொட்டாவியோடு சொல்லிக் கையெழுத்திட்டேன். மணி ஒன்றாகிவிட்டிருந்தது.

ஆசிரியரே இவ்வளவு குறைத்துச் சொல்லும் மாணவனுக்கு இடமளிப்பதற்கில்லை என்று கல்லூரி பதில் போட்டது. நியாயமான கல்லூரி. பிரான்சுவா பட்டாள முகாமுக்குப் போனான்.

மறு வருடம் மழைக்காலத்தில் அந்துவானேத் வந்தார். கறுப்பு உடை.

"புள்ளைய அடக்கம் பண்ணியாச்சு, முசியே. ஞாயித்துக்கெழமை மாதாகோயில் பூசையில வாசிக்க, வாத்தியார் கையால அவனப் பத்தி நாலு வரி வாங்கிட்டு வரச் சொன்னாரு சாமியார்."

எழுதிவரச் சொல்ல அவன் இல்லை. ஆகவே சீர்திருத்தத்துக்கு ஒரு 'விசேஷ விலக்கு' அளித்து நானே எழுதினேன். இருபது வருடத்தில் நான் கண்ட மாணவர்களில் இவனே முதல்வன் என்று ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் போயிற்று. மணி ஒன்றைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்துவானேத் நின்றபடியே கடைசிவரை வாசித்தார்.

"இதெல்லாம் போன வருசமே ஒங்களுக்குத் தெரியுமா, முசியே?"

"தெரியும், மதாம்" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.